பக்கக் கண்ணாடி

கிஷினாவ் நகரில் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
ஐந்து நிமிடம் தாமதித்தால்
பணிமனையிலிருந்து அழைப்பு வரும்.
ஏழு மாதம் தள்ளிப்போனதற்கு
யாரும் அழைக்கவில்லை.

முதல் மாதம் பனியின் மேல் பழி போட்டேன்.
அடுத்தது இரவுப் பணியின் மேல்.
மூன்றாவதில் மருந்துக்கடையில் பட்டை வாங்கி
கடைசி நிறுத்தத்துக் கழிவறையில் பிடித்துப் பார்த்தேன்.
ஒற்றைக் கோடு.
வலேரியு பதினோரு மாதமாக இத்தாலியில் கூரை வேய்கிறான்,
இரண்டாம் கோட்டுக்கு வழியே இல்லை.
கணக்கு எனக்குத் தெரியும்.
பயத்துக்குத்தான் தெரியாது.

"நின்னா நிம்மதி, பஞ்சு செலவு மிச்சம்"
என்றாள் சீட்டுக் கிழிக்கும் ஆக்சேனியா.

ஈஸ்டர் வாரம் சீருடை நனைந்தது.
இடப்பக்கம், பொத்தான் ஓரம், நாணய அளவு.
பால்.
என் மகனுக்குப் பத்து வயது.
ஆக்சேனியா பார்த்தாள், சால்வையைக் கழற்றித் தந்தாள்,
ஒன்றும் கேட்கவில்லை.
அவள் கேட்காதது
கடைசி நிறுத்தம் வரை கூடவே வந்தது,
சீட்டு எடுக்காமல்.

டாக்டர் ஓதிலியா கேட்டாள்.
எடை குறைந்ததா, பட்டினி கிடந்தாயா,
வயிற்றுக்கோ மனத்துக்கோ மாத்திரை உண்டா,
திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறதா,
தலைவலி எந்த நேரம்?
வேறு ஏதாவது?
வேறு ஒன்றுமில்லை, பக்கக் கண்ணாடிகளைச் சரியாகக் கழுவுவதில்லை,
நேற்று ஒரு சைக்கிள்காரன் எங்கிருந்தோ முளைத்தான் என்றேன்.
அவள் பேனா நின்றது.

"கருப்பை தன்னால் ஓடுகிற வண்டி இல்லை, ஸம்ஃபீரா.
உன் வண்டி மாதிரி, மேலே கம்பி.
கம்பம் எங்கே நழுவியதென்று
ஒவ்வொரு இடமாகத் தொட்டுத்தான் பார்க்கணும்."

மறுபடி கர்ப்பச் சோதனை, இம்முறை ரத்தத்தில். இல்லை.
தைராய்டு சரி.
வயிற்றில் குளிர்ந்த பசை தடவி உருட்டினார்கள்:
கருப்பை இருக்கிறது, சினைப்பைகள் இருக்கின்றன,
வேலை வராத தொழிலாளிகள் போல.
அவற்றுக்கு வயதாகவில்லை என்றது இன்னொரு எண்.
அரைமணி அசையாமல் படுக்கவைத்து எடுத்த குழாயில் மட்டும்
புரோலாக்டின் ஏறிக் கிடந்தது.
நம்பாமல் இரண்டாம் முறை எடுத்தார்கள்.
இன்னும் ஏறியிருந்தது.

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் வைத்தேன்.
ஒளிப்புள்ளி தெரிந்தால் அழுத்து.
நடுவில் தெரிந்ததையெல்லாம் அழுத்தினேன்.
ஓரங்களில் எதுவும் வரவில்லையே என்றேன்.
வந்தது என்றாள் அந்தப் பெண்,
முப்பத்தொரு முறை.

பிறகு அந்தச் சத்தக் குகை. பிறகு படம்:
மூளைக்கு அடியில், கண்நரம்புகள் குறுக்கிடும் இடத்தை முட்டிக்கொண்டு
கொண்டைக்கடலை அளவில் ஒன்று.
புற்று இல்லை.
பிள்ளை பிறந்துவிட்டது, பிள்ளை பிறந்துவிட்டது என்று
அது இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருக்கிறது;
மார்பு நம்பிவிட்டது, சினைப்பை கடையடைத்துவிட்டது.
அழுகை வரும் என்று காத்திருந்தேன்.
சிரிப்பு வந்தது.
எனக்குள்ளேயே ஒரு வதந்தி.

அன்றிரவு தொலைபேசியில் பால் என்று சொன்னதும்
வலேரியு நெடுநேரம் பேசவில்லை.
அப்புறம், "யாரு?" என்றான்.
கொண்டைக்கடலை என்றேன்.
வைத்துவிட்டேன்.

உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
வாரம் இருமுறை அரை மாத்திரை,
விழுங்கிய இரவெல்லாம் குமட்டல்.
பணிமனையில் சாவி எண்ணுகிறேன்.

ஆறாம் வாரம் நிறுத்தத்தில் நின்றபோது
வலது ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் நாய்
நான் தலை திருப்பாமலே வந்தது.
அதைப் போகவே விடவில்லை,
கையிலிருந்த ரொட்டியெல்லாம் அதற்கு.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம்
ஆக்சேனியாவின் பையில் கடன் கேட்டேன்.
"ஆரம்பிச்சாச்சா செலவு" என்று திட்டிக்கொண்டே
இரண்டு எடுத்துத் தந்தாள்.
மூன்றாவதையும் திணித்தாள்.

கிண்ணத்துக்கு மறுபடி பத்தொன்பதாம் தேதி போகணும்.
வெளியே இருபத்திரண்டாம் எண் வண்டியின் கம்பம் நழுவித் தொங்குகிறது;
ஓட்டுநர் பையன் புதிது, கயிற்றைத் தப்பாகப் பிடிக்கிறான்.
கையுறை எங்கே என்று தேடுகிறேன்.